மாத்திரையா, ஸ்ப்ரேயா, ஊசியா: மூக்குக்குள் யாரை அடக்கப் போகிறீர்கள்?

காலையில் எழுந்து போர்வையை ஒரு உதறு உதறினால் போதும், எனக்கு வரிசையாகத் தும்மல் வரும். ஏழு, எட்டு, சில நாள் பதினைந்துகூட. பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். கொஞ்ச நேரம் மூக்கு ஒழுகும், அதுவும் நிற்கும். சரி, இன்றைக்கு இவ்வளவுதான் என்று வேலையைப் பார்க்கப் போனால், மதியத்துக்கு மேல் மூக்கு கெட்டியாக அடைத்துக்கொள்ளும். அப்போது பக்கத்தில் போர்வையும் கிடையாது, தூசியும் கிடையாது. ரொம்ப நாளாக இவை இரண்டும் வேறு வேறு தொல்லை என்றே நினைத்து, தும்மலுக்கு மாத்திரை, அடைப்புக்குச் சொட்டு மருந்து என்று தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலைத் தும்மலின் மீதிக் கதைதான் அந்த மதிய அடைப்பு என்று தெரிந்த பிறகுதான் எந்த மருந்தை எதற்கு எடுப்பது என்பதே எனக்குப் பிடிபட்டது.

நான் மருத்துவர் இல்லை, மூக்கு ஒவ்வாமையோடு இருபது வருடம் கழித்த மூக்குக்காரன், அவ்வளவுதான். மருந்துகளின் பெயரை வைத்து ஒப்பிடுவதைவிட, மூக்குக்குள் இருக்கும் எந்தச் செல்லை எந்த மருந்து தொடுகிறது என்று பார்த்து ஒப்பிட்டால் குழப்பம் பாதி குறைகிறது என்பது என் அனுபவம். அதனால் முதலில் உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மூக்கின் உள்சுவர் முழுக்க ஈரமான மெல்லிய சவ்வு. மூச்சோடு உள்ளே போகும் மகரந்தமோ, தூசிப் பூச்சியின் எச்சமோ அந்த ஈரத்தில் ஒட்டிக்கொண்டு கரைகிறது. தூசிப் பூச்சியின் எச்சத்தில் இருக்கும் ஒரு நொதி, சவ்வுச் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருக்கும் இணைப்புகளையே வெட்டிவிடக்கூடியது, அதாவது பூட்டை உடைத்துக்கொண்டு உள்ளே வருகிற ரகம். உடைபட்ட சவ்வுச் செல்கள் அபாயச் சமிக்ஞைகளை வெளியே விடுகின்றன. அருகில் காவல் இருக்கும் டெண்ட்ரிடிக் செல்கள் வந்த பொருளை விழுங்கி, அதில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போய் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களிடம் காட்டுகின்றன. ஒவ்வாமைக்காரர்களுக்கு இந்த இடத்தில்தான் பிசகுகிறது. டி செல்கள் 'இது ஒன்றுமில்லை, விடு' என்று சொல்ல வேண்டியதற்குப் பதிலாக, குடற்புழுவை எதிர்க்க வைத்திருக்கும் படையைக் கிளப்பிவிடுகின்றன. அவை சுரக்கும் இன்டர்லூகின் 4, இன்டர்லூகின் 13 என்ற சமிக்ஞைப் புரதங்களின் தூண்டுதலில் பி செல்கள் என்ற வேறு வெள்ளை அணுக்கள் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்க ஆரம்பிக்கின்றன.

அந்த ஐஜிஇ இரத்தத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருப்பதில்லை, மூக்குச் சவ்வில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறது. இப்படி ஒன்று ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது என்பதை 1921இலேயே இரண்டு மருத்துவர்கள் தங்கள் உடம்பிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். ஹைன்ஸ் கூஸ்ட்னருக்கு மீன் ஒவ்வாது. அவருடைய இரத்தச் சீரத்தில் சிறிதளவைக் கார்ல் பிராஸ்னிட்ஸ் தன் தோலுக்குள் ஊசியாகப் போட்டுக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்திக்கொண்டார். மீனே ஒத்துக்கொள்ளும் அந்த மனிதரின் தோல் அந்த ஓர் இடத்தில் மட்டும் தடித்தது. சீரத்தில் இருந்த அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்று கண்டுபிடிக்க இன்னும் நாற்பத்தைந்து வருடம் ஆயிற்று. 1966இல் இஷிசாகா தம்பதி அதை அடையாளம் காட்டினார்கள், ஸ்வீடனில் வேறொரு குழுவும் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது, 1968இல் ஐஜிஇ என்று பெயர் வைத்தார்கள்.

இப்போது அதே தூசி மறுபடி வருகிறது. மாஸ்ட் செல்லின் மேல் இருக்கும் இரண்டு ஐஜிஇக்களை ஒரே தூசிப்புரதம் பாலம் போட்டு இணைத்தால் போதும், அந்தச் செல் தன் வயிற்றில் தயாராக அடைத்து வைத்திருக்கும் ஹிஸ்டமின் பொட்டலங்களைக் கொட்டிவிடுகிறது. நிமிடக் கணக்குதான். ஹிஸ்டமின் நரம்பு முனைகளைச் சீண்ட, அரிப்பு, தும்மல், தண்ணீராய் ஒழுகல். கூடவே மாஸ்ட் செல் புதிதாகத் தயாரித்து விடும் லியூகோட்ரைன், புராஸ்டாகிளாண்டின் போன்ற வேதிப்பொருள்கள் இரத்தக் குழாய்களை வீங்க வைக்கின்றன. இது முதல் பாதி.

இரண்டாம் பாதி நான்கைந்து மணி நேரம் கழித்து ஆரம்பிக்கிறது. முதல் ஆட்டத்தில் போன அழைப்பைக் கேட்டு ஈசினோஃபில், பேசோஃபில், டி செல் என்ற வெள்ளை அணுக்கள் எல்லாம் இரத்தத்திலிருந்து மூக்குச் சவ்வுக்குள் வந்து இறங்குகின்றன. ஈசினோஃபில்கள் கொட்டும் புரதங்கள் சவ்வையே அரிக்கின்றன. சவ்வு வீங்கி நிற்கிறது. என் மதிய மூக்கடைப்பு இதுதான், கூட்டம் கலையாமல் இரவு வரைக்கும் இருக்கும்.

இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. கூட்டம் கலைவதற்குள் மறுநாள் காலைப் போர்வை வந்துவிடுகிறது. 1960களின் கடைசியில் கானல் என்ற ஆய்வாளர் தினமும் மகரந்தத்தை அளந்து மூக்கில் செலுத்திப் பார்த்தபோது, நாள் போகப் போக முன்பைவிடக் குறைந்த மகரந்தமே அதே தொல்லையைக் கிளப்பியது. முதல் வாரம் ஒரு வீடு பெருக்கினால் வந்த தும்மல், மூன்றாவது வாரம் ஒரு தலையணையைத் தட்டினாலே வருகிறது என்றால் உங்கள் பிரமை இல்லை அது.

ஆக, நிமிடத்தில் நடப்பது ஒன்று, மணிக்கணக்கில் நடப்பது ஒன்று, இவற்றுக்கெல்லாம் அடியில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் டி செல்களின் தப்பான முடிவு ஒன்று. மருந்துகளையும் இப்படிப் பிரித்துப் போட்டுப் பார்க்கலாம்.

மாத்திரையில் ஆரம்பிப்போம், எல்லோரும் அங்கேதானே ஆரம்பிக்கிறோம். செட்டிரிசின், லோராடடின், ஃபெக்ஸோஃபெனடின் எல்லாம் ஆண்டிஹிஸ்டமின்கள். இவை மாஸ்ட் செல்லைத் தடுப்பதில்லை. அது ஹிஸ்டமினைக் கொட்டட்டும், போய் உட்கார இடம் இருக்காது என்கிற மாதிரி, நரம்பிலும் குழாயிலும் இருக்கும் ஹிஸ்டமின் ஏற்பிகளை முன்கூட்டியே பிடித்துக்கொள்கின்றன. ஒன்றிரண்டு மணி நேரத்தில் வேலை செய்யும், தும்மல், அரிப்பு, ஒழுகல், கண் அரிப்பு எல்லாம் நன்றாகவே அடங்கும். அடைப்பு? பெரிதாக அசையாது, ஏனென்றால் அடைப்பில் ஹிஸ்டமினின் பங்கு குறைவு, அங்கே வேலை செய்வது லியூகோட்ரைன்களும் பின்னால் வந்து குவியும் செல் கூட்டமும். 'மாத்திரை போட்டும் மூக்கு அடைச்சே இருக்கு' என்று புலம்புகிறவர்கள் தப்பான மாத்திரையை எடுக்கவில்லை, தப்பான பாதிக்கு எடுக்கிறார்கள்.

மாத்திரைக்குள்ளேயே தேர்வு வேண்டுமென்றால், பழைய தலைமுறை மருந்துகளான குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் பக்கம் நான் போகவே மாட்டேன். அவை மூளைக்குள் நுழைந்து தூக்கத்தையும் மந்தத்தையும் தருகின்றன, தூங்கி எழுந்த பிறகும் மந்தம் மிச்சம் இருக்கும், வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஆபத்து. புதியவற்றில் செட்டிரிசின் சிலருக்குக் கொஞ்சம் தூக்கம் தரும். ஃபெக்ஸோஃபெனடின் தூக்கம் தருவது ரொம்பவே குறைவு, ஆனால் அதைப் பழச்சாற்றோடு விழுங்கினால் உடம்பில் சேரும் அளவு குறைந்துவிடும், தண்ணீரோடுதான் போட வேண்டும்.

அடுத்தது ஸ்டீராய்டு ஸ்ப்ரே. ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன், புடெசோனைடு. 'ஸ்டீராய்டு' என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்கும், எனக்கும் கலக்கியது, அந்தப் பயத்தில் மட்டும் நான்கு வருடம் வீணடித்தேன். மூக்கு ஸ்ப்ரேயில் இருக்கும் அளவு மைக்ரோகிராம் கணக்கு. ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்றவற்றில் இரத்தத்துக்குப் போய்ச் சேருவது மிகக் குறைந்த பங்குதான், விழுங்கப்பட்டதைக் கல்லீரல் பெரும்பாலும் செயலிழக்கச் செய்துவிடுகிறது. மாதக்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரையோடு இதை ஒன்றாக வைத்துப் பார்ப்பது நியாயமே இல்லை. கண் நீர் அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும், குழந்தைகளுக்கு ஆகக் குறைந்த அளவில் கொடுத்து உயரத்தைக் கவனிக்க வேண்டும், இவை உண்மையான எச்சரிக்கைகள்.

ஸ்ப்ரே செய்யும் வேலை மாத்திரையிலிருந்து அடியோடு வேறு. அது செல்களுக்குள் போய் எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பதையே மாற்றுகிறது. அழைப்புச் சமிக்ஞைகள் குறைகின்றன, ஈசினோஃபில்கள் வந்து குவிவது குறைகிறது, தொடர்ந்து எடுத்தால் சவ்வின் மேற்பரப்பில் மாஸ்ட் செல்களின் எண்ணிக்கையே குறைகிறது. இரண்டாம் பாதியை நடக்கவிடாமல் செய்கிற மருந்து இதுதான், அதனால் அடுத்த நாளின் முதல் பாதியும் சாந்தமாகிறது. மூக்குத் தொல்லைகளைப் பொறுத்தவரை ஸ்ப்ரேதான் ஆண்டிஹிஸ்டமின் மாத்திரையைவிட மேல் என்பது, 1998இல் 16 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வில் தெளிவாகவே வந்தது. கண் தொல்லையில் மட்டும் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று.

ஆனால் மரபணுவோடு பேசி முடிக்க நேரம் ஆகும். சிலருக்கு அரை நாளில் கொஞ்சம் தெரியும், முழுப் பலன் வர ஒன்றிரண்டு வாரம். நான் முதல் தடவை இரண்டே நாள் அடித்துவிட்டு 'இது வேலைக்காகாது' என்று அலமாரியில் போட்டவன். அடிக்கத் தெரியாமல் வேறு அடித்திருக்கிறேன். தலையை அண்ணாந்து, இரண்டு துவாரங்களுக்கும் இடையில் இருக்கும் நடுத்தண்டை நோக்கிப் பீய்ச்சி, உஸ்ஸென்று பலமாக உறிஞ்சி, மருந்து முழுக்கத் தொண்டைக்குப் போய்விடும். சரியான முறை இது: மூக்கைச் சிந்திவிட்டு, தலையைச் சற்று முன்னால் குனிந்து, இடது துவாரத்துக்கு வலது கையாலும் வலது துவாரத்துக்கு இடது கையாலும் பிடித்து, முனையை அந்தப் பக்கத்துக் காதை நோக்கி வெளிப்புறமாகச் சாய்த்து அடித்து, மெதுவாக மூச்சை இழுக்க வேண்டும். கையை மாற்றுவது எதற்கு என்றால், அப்போதுதான் முனை தானாகவே நடுத்தண்டை விட்டு விலகும். நடுத்தண்டிலேயே திரும்பத் திரும்பப் பட்டால் இரத்தம் கசியும். தொண்டையில் மருந்தின் ருசி தெரிந்தால் அதிகமாக உறிஞ்சிவிட்டீர்கள்.

மாத்திரையையும் ஸ்ப்ரேயையும் சேர்த்து எடுத்தால் இரட்டிப்புப் பலன் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஸ்ப்ரே ஒழுங்காக எடுப்பவர்களுக்கு மாத்திரை சேர்ப்பதால் மூக்கில் கூடுதல் பலன் பெரிதாக வருவதில்லை. அதற்குப் பதிலாக அஜெலாஸ்டின் என்ற ஆண்டிஹிஸ்டமினையே ஸ்ப்ரேயாக எடுக்கலாம், அது கால் மணி நேரத்தில் வேலை செய்ய ஆரம்பிக்கும், வாயில் கசக்கும். அஜெலாஸ்டினும் ஃபுளூட்டிகசோனும் ஒரே குப்பியில் கலந்து வருவது, இரண்டில் ஒன்றை மட்டும் எடுப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது. நிமிடக் கணக்கு ஆட்டத்துக்கு ஒன்று, மணிக்கணக்கு ஆட்டத்துக்கு ஒன்று என்று யோசித்தால் ஏன் என்று புரியும்.

இனி என் வெட்கக்கதை. ஆக்ஸிமெட்டாஸோலின், ஸைலோமெட்டாஸோலின் என்ற சொட்டு மருந்துகள். ஒரு சொட்டு விட்டால் ஐந்து நிமிடத்தில் மூக்கு திறந்துகொள்ளும், அந்தச் சுகத்துக்கு ஈடு கிடையாது. இவை எந்த நோயெதிர்ப்புச் செல்லையும் தொடுவதில்லை, வீங்கிய இரத்தக் குழாயைச் சுருக்குவதோடு சரி. ஈசினோஃபில் கூட்டம் அப்படியே உள்ளே இருக்கிறது. மூன்று நாளுக்கு மேல் விடாதீர்கள் என்று குப்பியிலேயே போட்டிருக்கும். நான் மூன்று மாதம் விட்டேன். கடைசியில் மருந்தின் வேகம் தணியும்போதெல்லாம் முன்பைவிட மோசமாக அடைத்து, அந்த அடைப்புக்கு மறுபடி சொட்டு, அதற்கு மறுபடி அடைப்பு, படுக்கை ஓரத்தில் ஒரு குப்பி, பையில் ஒன்று, மேசை இழுப்பறையில் ஒன்று. விட்டொழித்த விதம்: ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை ஆரம்பித்துவிட்டு, ஒரு துவாரத்துக்கு மட்டும் சொட்டை முதலில் நிறுத்தி, அது தேறிய பிறகு அடுத்ததை நிறுத்தினேன். அந்த முதல் வாரத்தை நினைத்தால் இன்னும் மூச்சு முட்டுகிறது. ஜலதோஷத்துக்கு இரண்டு நாள் விடுவது வேறு, ஒவ்வாமைக்கு இதைத் துணையாக வைத்துக்கொள்வது வேறு.

மான்டெலுகாஸ்ட் மாத்திரை லியூகோட்ரைனைத் தடுக்கும், எனவே அடைப்புக்குப் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் ஸ்ப்ரே அளவுக்கு வருவதில்லை. அதோடு, மனநிலை மாற்றம், கெட்ட கனவு, தற்கொலை எண்ணம் வரை போகக்கூடும் என்று 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் மேல் கடுமையான எச்சரிக்கை போட்டு, மூக்கு ஒவ்வாமைக்கு மற்றவை பலிக்காதபோது மட்டும் கொடுக்கச் சொன்னது. ஆஸ்துமாவும் சேர்ந்து இருந்தால் மருத்துவர் வேறு கணக்குப் போடலாம், மூக்குக்காக மட்டும் என்றால் நான் கேட்டு வாங்க மாட்டேன். குரோமோலின் ஸ்ப்ரே மாஸ்ட் செல் கொட்டுவதையே தடுப்பது, பாதுகாப்பானது, ஆனால் தூசி வருவதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும், ஒரு நாளுக்கு மூன்று நான்கு தடவை. யாருக்கு அவ்வளவு ஞாபகம் இருக்கும்?

உப்பு நீரால் மூக்கைக் கழுவுவதை இளக்காரமாக நினைத்திருந்தேன். ஒட்டியிருக்கும் மகரந்தத்தையும் தூசியையும் ஹிஸ்டமின் கலந்த சளியையும் சேர்த்து அலசித் தள்ளிவிடுகிறது, அதன் மேல் ஸ்ப்ரே அடித்தால் மருந்து சவ்வில் நேராகப் படும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர்தான் வேண்டும், குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். அபூர்வம்தான் என்றாலும், அதில் இருக்கக்கூடிய நெக்லேரியா என்ற அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

இதுவரை சொன்ன எதுவும் டி செல்களின் தப்பான முடிவைத் தொடவில்லை. ஸ்ப்ரேயை நிறுத்தினால் சில வாரத்தில் பழைய கூட்டம் பழைய இடத்துக்கு வந்துவிடும். அடி வரைக்கும் போவது இம்யூனோதெரபி ஒன்றுதான், அதாவது எது ஒவ்வாதோ அதையே துளித்துளியாகக் கொடுத்து உடம்பைப் பழக்குவது. 1911இல் லெனர்ட் நூன் புல் மகரந்தச் சாற்றை ஊசியாகப் போட்டு இதை ஆரம்பித்தார். மகரந்தத்தில் விஷம் இருக்கிறது, அதற்கு எதிர்ப்புச் சக்தி வளர்க்கிறோம் என்பது அவர் எண்ணம். காரணம் தப்பு, வைத்தியம் சரி! உள்ளே உண்மையில் நடப்பது: அடக்கும் குணமுள்ள டி செல்கள் பெருகி இன்டர்லூகின் 10 சுரக்கின்றன, பி செல்கள் ஐஜிஇக்குப் பதிலாக ஐஜிஜி4 என்ற வேறு எதிர்ப்பொருளைத் தயாரிக்கின்றன, அது மகரந்தம் மாஸ்ட் செல்லைத் தொடுவதற்கு முன்பே அதைப் பிடித்துக்கொள்கிறது. ஆரம்ப மாதங்களில் இரத்தத்தில் ஐஜிஇ ஏறவும் செய்யும், அதைப் பார்த்து மிரண்டு நிறுத்திவிடக் கூடாது.

ஊசி வழி என்றால் முதலில் சில மாதம் வாராவாரம், பிறகு மாதம் ஒன்று, மொத்தம் மூன்றிலிருந்து ஐந்து வருடம். ஒவ்வோர் ஊசிக்குப் பிறகும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும், ஏனென்றால் அபூர்வமாக உடம்பு முழுக்க ஒவ்வாமை பொங்கி உயிருக்கு ஆபத்தாகலாம். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை அல்லது சொட்டு இன்னொரு வழி. முதல் தடவை மட்டும் மருத்துவர் முன்னால், பிறகு வீட்டில் தினமும். வாய் அரிக்கும், சில வாரத்தில் பழகிவிடும். பெரிய ஆபத்து ஊசியைவிடக் குறைவு, ஆனால் தினம் எடுக்கும் ஒழுங்கு வேண்டும், நிறையப் பேர் முதல் வருடத்தைத் தாண்டுவதே இல்லை. பாதியில் விட்டால் பலன் தங்காது: 1999இல் வந்த ஓர் ஆய்வில் மூன்று நான்கு வருடம் புல் மகரந்த ஊசி போட்டவர்களுக்கு, நிறுத்திய பிறகும் மூன்று வருடம் பலன் நீடித்தது. 2017இல் வந்த இன்னொன்றில், இரண்டு வருடத்தோடு நிறுத்தியவர்களுக்கு மறு வருடம் அந்தப் பலன் தங்கவில்லை. மூன்று வருடம் நிற்கும் மனசு இருந்தால் மட்டும் இறங்குங்கள். அடங்காத ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இது கூடாது.

ஐஜிஇயையே பிடித்துத் தூக்கிக்கொண்டு போகும் ஓமாலிசுமாப் என்ற ஊசியும் உண்டு, ஜப்பானில் சீடர் மரத்தின் மகரந்தத்தால் வரும் கடுமையான ஒவ்வாமைக்கு 2019இல் அனுமதித்தார்கள். சாதாரண மூக்குக்காரர்களுக்கு அது கொசுவை அடிக்கப் பீரங்கி எடுப்பது மாதிரி.

அப்படியானால் எதை எடுப்பது? இரண்டு வாரம் ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன தொல்லை, எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன செய்தீர்கள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தும்மலும் அரிப்பும் மட்டும் என்றால் தூக்கம் தராத மாத்திரை போதும், அதுவும் வேண்டும்போது மட்டும். வாரத்தில் நாலு நாளுக்கு மேல், மாதக் கணக்கில், அதுவும் அடைப்போடு என்றால் மாத்திரையில் காலத்தைக் கடத்தாமல் ஸ்ப்ரேக்குப் போங்கள், அது போதாவிட்டால் கலவை ஸ்ப்ரே. ஒழுங்காக இரண்டு மூன்று மாதம் எடுத்தும் அடங்கவில்லை, அல்லது வாழ்நாள் முழுக்க ஸ்ப்ரே பிடிக்க மனமில்லை, எது ஒவ்வாது என்பதும் பரிசோதனையில் உறுதியாகத் தெரிகிறது என்றால் இம்யூனோதெரபி பற்றிப் பேசலாம். நான் இப்போது ஸ்ப்ரேயில் இருக்கிறேன், தூசிப் பூச்சிக்கு நாக்கடி மாத்திரை ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. போர்வைகளை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறேன். தும்மல் பதினைந்திலிருந்து மூன்று நான்குக்கு வந்திருக்கிறது, இது ஸ்ப்ரேயின் வேலையா மாத்திரையின் வேலையா வெந்நீரின் வேலையா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு ஒரு வாரம் முன்பே ஆண்டிஹிஸ்டமின் மாத்திரையை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் தோல் தடிக்காது, ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். என்னை முதல் தடவை அப்படித்தான் அனுப்பினார்கள், மாத்திரை போட்டாயா என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை நிறுத்த வேண்டியதில்லை, இரத்தப் பரிசோதனை என்றால் மாத்திரையையும் நிறுத்த வேண்டியதில்லை. இரண்டிலும் ஒன்றும் வராமல், ஆனால் தூசி பட்டால் மட்டும் மூக்கு படுத்துகிறது என்றால், ஐஜிஇ மூக்குச் சவ்வுக்குள் மட்டும் தயாராகிற ரகமாகவும் இருக்கலாம். அதை மூக்குக்குள்ளேயே அந்தப் பொருளைச் சிறிது செலுத்திப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும், அப்படி ஒரு சோதனை செய்வார்களா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.